மூன்று நிமிடப் பேச்சில் கதைக்கு இடம் உண்டா?

கடைமடைக் கிராமம் ஒன்றில் மகளிர் சுயஉதவிக் குழுவின் செயலாளராக இருக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவருடைய கேள்வியின் சாரம் இது: "கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் நான் மறுபடியும் பேச வேண்டியிருக்கிறது. குறுவை நெல் கொள்முதல் நிலையத்து வாசலிலேயே நனைந்து வீணாவதுதான் விஷயம். போன முறை எல்லா விவரத்தையும் எழுதிக்கொண்டுபோய்ப் படித்தேன். ஒருவரும் தலை நிமிரவில்லை. கதைபோலச் சொன்னால் கேட்பார்கள் என்கிறார்கள். மூன்று நிமிடத்தில் கதை சொல்ல முடியுமா? அதிகாரிகள் முன்னால் கதை சொன்னால் மதிப்பார்களா? பேசும்போது தொண்டை அடைத்துக்கொள்கிறதே, அதற்கு என்ன செய்வது?"

போன முறை படித்த உரையையும் அனுப்பியிருந்தார். "எங்கள் பகுதி விவசாயிகள் பல ஆண்டுகளாகப் பெரும் இன்னல்களுக்கு ஆளாகி வருகிறார்கள்" என்று அது தொடங்குகிறது. உரையில் குறை சொல்ல எதுவும் இல்லை, எல்லாம் உண்மை. ஆனால் அதில் ஒரு மனிதர்கூட இல்லை. கடிதத்தின் அடியில், உரைக்கு வெளியே, வேறு எதற்கோ எழுதியதுபோல ஒரு வரி இருக்கிறது: "அன்று ராத்திரி நானும் என் மாமியாரும் தார்ப்பாய்மேல் தேங்கிய தண்ணீரைக் குடத்தால் மொண்டு மொண்டு கொட்டிக்கொண்டே விடிய விடிய நின்றோம் ஐயா, அப்படியும் அடி மூட்டையெல்லாம் முளைத்துவிட்டது."

தங்கையே, உங்கள் பேச்சு இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. மீதி எல்லாம் இதற்குப் பின்னால் வரவேண்டியவை.

பேச்சில் கதை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நடுவில் செருகும் குட்டிக்கதை. ஒரு ராஜா, ஒரு முனிவர், ஒரு கழுதை, கடைசியில் ஒரு நீதி. பள்ளி ஆண்டு விழாவில் அதற்கு இடம் இருக்கலாம். உங்கள் கூட்டத்தில் அதைச் சொன்னால் கேட்பவர் முதல் வரியிலேயே முடிவை ஊகித்துவிடுவார், பிறகு தன் கோப்புக்குத் திரும்பிவிடுவார். நான் சொல்லும் கதை வேறு. உங்கள் விஷயத்தையே கதையின் ஒழுங்கில் வைப்பது அது. ஒருவர் இருக்கிறார், அவருக்கு ஒன்று வேண்டும், குறுக்கே ஒன்று நிற்கிறது, பொழுது போய்க்கொண்டிருக்கிறது, அடுத்து என்ன ஆயிற்று? இந்த ஐந்தும் இருந்தால் ஒரு நிமிடத்திலும் கதை உண்டு. இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் பேசினாலும் அது அறிக்கைதான்.

அதிகாரத்தின் முன்னால் நின்று குறை சொல்வதற்குத் தமிழில் இருக்கும் மிகப் பெரிய முன்மாதிரி உங்கள் பக்கத்துப் பெண்தான். காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரிலிருந்து போய், மதுரையில் பாண்டியன் அவையில் நின்ற கண்ணகி. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை ஒரு பேச்சாளராக ஒருமுறை படித்துப் பாருங்கள். "யாரையோ நீ?" என்று மன்னன் கேட்கிறான். அவள் உடனே பெயரைச் சொல்வதில்லை. "தேரா மன்னா, செப்புவது உடையேன்" என்று அவையை நிமிரவைத்துவிட்டு, தன் ஊரைப் பற்றி இரண்டு சிறு கதைகளைச் சொல்கிறாள். ஒரு புறாவின் துயரைத் தீர்த்த சோழன். கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழன். அந்த ஊர்தான் என் ஊர் என்கிறாள். அதன் பிறகே மாமனார், கணவன், எதற்காக மதுரை வந்தோம், என்ன நடந்தது என்று வந்து, கடைசியில் "கண்ணகி என்பது என் பெயரே". எல்லாம் 15 அடிக்குள். உரக்கப் படித்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது.

இதில் மூன்று காரியங்களைக் கவனியுங்கள். நீதி என்றால் என்ன என்று அவள் விளக்கம் சொல்லவில்லை. நீதி நடந்த இரண்டு இடங்களைக் காட்டிவிட்டு, எதிரே இருப்பவன் தன்னையே அளந்துகொள்ளும்படி விட்டுவிடுகிறாள். அடுத்தது, அந்தப் பசுவைச் சொல்லும் விதம். வாயில் மணியின் நடுநா நடுங்கியது, பசுவின் கடைக்கண்ணில் வடிந்த நீர் நெஞ்சைச் சுட்டது: ஒரு மணியின் நாக்கு, ஒரு சொட்டுக் கண்ணீர், அவ்வளவுதான். திருவாரூர்ப் பெரிய கோயிலை ஒட்டி இந்தக் கதையைக் காட்டி நிற்கும் கல்தேரைச் சிறுவயதில் பார்த்தவர்கள் எவ்வளவு வயதானாலும் மறப்பதில்லை. காரணம், கதை ஒரு தேராகவும் ஒரு கன்றாகவும் கண்ணுக்குத் தெரிகிறது. மூன்றாவது, சிலம்பு. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று மன்னன் சொன்னதும் அவள் அதை மறுத்து நீண்ட வாதம் செய்யவில்லை. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான் அவன். கொண்டுவரச் சொல்லி உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது. வழக்கு முடிந்தது. ஒரு பொருள் மேசைக்கு வந்துவிட்டால் நூறு உரிச்சொற்களுக்கு வேலை இல்லாமல் போகிறது.

உங்களிடமும் ஒரு பொருள் இருக்கிறது. முளைவிட்ட நெல். ஒரு பிடியைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோங்கள். குறைதீர்க்கும் கூட்டங்களுக்கு முளைத்த நெல்லைக் கொண்டுவருவது டெல்டாவில் புதிதில்லை. ஆனால் பெரும்பாலும் அதைப் புகைப்படக்காரருக்காக இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்கிறார்கள். அது போராட்டத்துக்குரிய முறை. அதற்கு அதன் இடம் உண்டு. பேச்சில் அது வேறு விதமாக வரவேண்டும். முதலில் அந்த இரவைச் சொல்லுங்கள். சொல்லி முடிக்கும் இடத்தில், சத்தமில்லாமல், மேசைமேல் முடிச்சை அவிழ்த்து வைத்துவிட்டு, அவர்கள் பார்க்கும்வரை பேசாமல் இருங்கள். முதலிலேயே காட்டிவிட்டால் அது வெறும் கெட்டுப்போன நெல். கதைக்குப் பிறகு காட்டினால் அது நீங்களும் உங்கள் மாமியாரும் விடிய விடியக் காத்த நெல்.

அதிகாரிகள் கதையை மதிப்பார்களா என்று கேட்டீர்கள். 2007-இல் டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை இங்கே பொருந்தும். சிலருக்கு ஐந்து டாலர் கொடுத்து, ஆப்பிரிக்காவின் பட்டினிக்கு அதில் விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம் என்றார்கள். ஒரு பிரிவுக்கு இத்தனை லட்சம் பேர் பசியில் இருக்கிறார்கள் என்ற கணக்கு. இன்னொரு பிரிவுக்கு மாலி நாட்டைச் சேர்ந்த ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றி மட்டும். சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள், கணக்கைப் படித்தவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தார்கள். சிறுமியையும் கணக்கையும் சேர்த்துப் படித்த மூன்றாவது பிரிவு, சிறுமியை மட்டும் படித்தவர்களைவிட மிகவும் குறைவாகவே கொடுத்தது. ஒரு முகத்தின்மேல் கொட்டப்பட்ட புள்ளிவிவரம் அந்த முகத்தை மறைத்துவிடுகிறது.

ஆனால் நன்கொடை கொடுப்பவரும் அதிகாரியும் ஒன்றல்ல. அதிகாரி இரக்கப்பட்டால் மட்டும் கோப்பு நகராது; எண் இல்லாமல் அவரால் குறிப்பு எழுத முடியாது. அதனால் கணக்கை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். வரிசையை மாற்றச் சொல்கிறேன். முதலில் ஒரு ஆள், ஒரு இரவு. நெல்லை மேசையில் வைத்த பிறகு கணக்கு. அதன்பின் கோரிக்கை. கணக்கிலும் நான்கைந்து வேண்டாம். ஒன்றோ இரண்டோ போதும். மீதியை மனுவோடு இணைத்துக் கொடுங்கள்.

கதையில் ஏன் குறுக்கே ஒன்று நிற்க வேண்டும் என்பதற்கும் நம் மண்ணிலேயே விளக்கம் இருக்கிறது. பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் கதையைச் சேக்கிழார் சொல்லும்போது, தில்லைக்கு "நாளைப் போவேன்" என்று சொல்லிச் சொல்லி ஏங்கும் ஒரு அடியவர் இருக்கிறார். அவரைத் தடுக்கும் பண்ணையார் என்று ஒருவர் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் மாயவரம், ஆனந்ததாண்டவபுரம் பக்கத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அதே கதையை நந்தனார் சரித்திரமாகப் பாடியபோது ஒரு வேதியரைப் பண்ணையாராகக் கொண்டுவந்து நிறுத்தினார். 40 வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் அவர். உடனே கதைக்கு ஒரு கெடு வந்துவிடுகிறது, ஒரு எதிராளி வந்துவிடுகிறார், கேட்பவர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். அந்தப் பண்ணையாரைக் கேட்டவர்களில் பலருக்கு அவர் முன்பே தெரிந்தவர். தங்கள் ஊர் வரப்பில் பார்த்தவர். பாட்டும் பேச்சுமாகக் கதை சொல்லும் கதாகாலட்சேபத்தில் ஊர் ஊராக அது நிலைத்ததற்கு அந்தப் பாத்திரம் ஒரு பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. புதுப் பாத்திரத்தைப் படைக்கும் உரிமை கவிஞருக்கு உண்டு; மனுக் கொடுப்பவருக்கு இல்லை. உங்கள் கதையில் நடக்காத ஒன்று, ஒரே ஒன்று, இருக்கக்கூடாது. மூட்டையின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னாலோ, அன்று பெய்யாத நேரத்தில் மழையைக் கொண்டுவந்தாலோ, எதிரே இருப்பவரிடம் பதிவேடு இருக்கிறது. அடுத்த ஆண்டும் அதே மேசைக்கு முன்னால் நீங்கள் நிற்க வேண்டும். குறுக்கே நிற்பது எது என்பதையும் நேர்மையாகத் தேர்ந்தெடுங்கள். ஈரப்பதம் பார்க்கும் ஊழியரை வில்லனாக்குவது எளிது. ஆனால் கொள்முதலுக்கு 17 சதவீதம் என்ற வரம்பை அவர் வகுக்கவில்லை; சாக்கும் லாரியும் வராததற்கும் அவர் மட்டும் பொறுப்பில்லை. உங்கள் கதையின் உண்மையான எதிராளி நாட்காட்டி. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால், குறுவை ஏறத்தாழ நான்கு மாதத்தில் அறுவடைக்கு வரும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20-ஐ ஒட்டி. நெல் களத்துக்கு வருவதும் மழை வருவதும் ஒரே சமயம். இது யாருக்கும் தெரியாத செய்தி இல்லை. அதனால்தான் கூரையும் லாரியும் முன்கூட்டியே வேண்டும் என்ற உங்கள் கோரிக்கைக்கு அது வலு சேர்க்கிறது. ஆளைக் குற்றம் சாட்டாமல் நேரத்தை எதிராளியாக நிறுத்தினால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் உங்கள் கட்சிக்கு வர வழி இருக்கும்.

சொல்லும் முறைக்கு வருகிறேன். இதற்குத் தஞ்சாவூரைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. மராட்டியர் ஆட்சிக் காலத்தில் இங்கே வேர்விட்ட கீர்த்தன மரபையும் நம் பாட்டையும் கலந்து, தமிழில் கதாகாலட்சேபத்துக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர். கையில் தாளம் போடும் சிப்ளாக்கட்டையுடன் ஒரே ஆள் நின்று, ராமனாகவும் கைகேயியாகவும் கூனியாகவும் மாறுவது அந்தக் கலை. பாட்டு உங்களுக்கு வேண்டாம். அந்த மேடையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை வேறு.

ஒன்று, பேச்சை நேராகச் சொல்வது. "நாளை வருமாறு தெரிவிக்கப்பட்டது" என்று பாகவதர் சொல்ல மாட்டார். கொள்முதல் நிலையத்தில் உங்களிடம் என்ன சொன்னார்களோ அந்தச் சொற்களை அப்படியே சொல்லுங்கள்: "சாக்கு வரல, நாளைக்கு வாங்க." ஒரே வரி. அதைச் சொல்லும்போது தலையைச் சற்று ஒரு பக்கம் திருப்புங்கள். உங்கள் மாமியார் சொன்னதைச் சொல்லும்போது மறுபக்கம். குரலை மாற்றி நடிக்க வேண்டாம். அந்தச் சிறு திருப்பமே இரண்டு ஆட்களைக் கூடத்துக்குள் கொண்டுவந்துவிடும். எழுத்து நடையில் எழுதிய உரைக்கு நடுவில் பேச்சுமொழியில் ஒரு வரி வரும்போது காதுகள் தாமாகத் திரும்பும்.

இன்னொன்று, கிளைக்கதை போய்த் திரும்பும் கட்டுப்பாடு. நல்ல பாகவதர் கிளைக்கதைக்குப் போகும்போது எந்த இடத்தில் விட்டாரோ அந்தச் சொல்லுக்கே திரும்பி வருவார். மூன்று நிமிடத்தில் உங்களுக்குக் கிளைக்கதைக்கே அனுமதி இல்லை. தார்ப்பாய் வாங்கக் கடன் வாங்கியது, போன ஆண்டு காப்பீடு வராதது, வாய்க்காலில் ஆகாயத்தாமரை: எல்லாம் நியாயமான குறைகள், எல்லாவற்றுக்கும் வேறு நாள் உண்டு. கிராம சபையில் பேசும்போது நேரம் கூடுதலாகக் கிடைக்கும், அங்கே சொல்லலாம்.

தொடக்கத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நம் மேடைகளில் விளிப்புக்கே பாதி நேரம் போகிறது. வீற்றிருக்கும், அமர்ந்திருக்கும், வருகை தந்திருக்கும் என்று ஒவ்வொருவரையும் அழைத்து முடிக்கும்போது கேட்பவரின் கவனத்தில் சிறந்த பகுதி செலவாகிவிடும். "ஐயா அவர்களுக்கும் அவையினருக்கும் வணக்கம்" என்று ஒரே மூச்சில் மரியாதையைச் செலுத்திவிட்டு, நடந்த இடத்துக்கு நேராகப் போய்விடுங்கள். "விவசாயம் நம் நாட்டின் முதுகெலும்பு" வேண்டாம். அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லோரும் அதை முன்பே கேட்டிருக்கிறார்கள்.

நீங்கள் எழுதி அனுப்பிய விவரங்களைக் கொண்டே ஒரு மாதிரி தருகிறேன். கோடிட்ட இடத்தில் உங்கள் ஊர்க் கணக்கை நிரப்பிக்கொள்ளுங்கள். பதிவேட்டில் இருப்பதை மட்டும்.

"ஐயா அவர்களுக்கும் அவையினருக்கும் வணக்கம். அன்று ராத்திரி மழை பிடித்தபோது எங்கள் நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் கிடந்தது. காலையிலேயே ஈரப்பதம் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார்கள். 'சாக்கு வரல, நாளைக்கு வாங்க' என்றார்கள். நெல்லை விட்டுவிட்டு எங்கே போவது? நானும் என் மாமியாரும் அங்கேயே இருந்தோம். தார்ப்பாயின் நடுவில் தண்ணீர் தேங்கித் தேங்கிக் கனத்தது. ஆளுக்கு ஒரு குடம். மொண்டு கொட்டினோம், மறுபடி தேங்கியது, மறுபடி மொண்டோம். விடியும்போது மாமியார் சொன்னார்: 'மேல காப்பாத்திட்டோம் புள்ள, அடியில என்ன ஆச்சோ.' அடியில் ஆனது இது."

இங்கே நெல்லை வைக்கிறீர்கள். பேசாமல் இருக்கிறீர்கள். பிறகு:

"எங்கள் நிலையத்தில் அந்த வாரம் இப்படிக் கிடந்தவை ____ சிப்பம். சிப்பத்துக்கு 40 கிலோ. எங்கள் கோரிக்கை இரண்டு. அடுத்த குறுவைக்கு முன்னால் அந்த வாசலுக்கு ஒரு கூரை. அறுவடை தொடங்கும் வாரத்திலேயே சாக்கும் லாரியும். மனுவில் நிலையத்தின் பெயரும் தேதியும் இருக்கின்றன. நன்றி."

நிதானமாகச் சொன்னால் இது இரண்டு நிமிடம் வரும். மிச்சம் ஒரு நிமிடத்தைக் கேள்விக்கு விட்டுவிடுங்கள்; கேட்கப்படும் கேள்விக்குச் சொல்லும் பதிலைத்தான் அதிகாரிகள் குறித்துக்கொள்வார்கள். "பாதிக்கப்பட்ட", "வேதனை", "கண்ணீர்" என்ற சொற்கள் இதில் எங்கும் இல்லை என்பதையும் பாருங்கள். அவற்றை அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளட்டும்.

இதை எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். முதல் வாக்கியம், கோரிக்கை வாக்கியங்கள், எண் ஆகியவை மட்டும் சொல் மாறாமல் இருக்கட்டும். நடுவில் உள்ளதை நடந்த வரிசையில், நடந்தபடியே சொல்லுங்கள். பயிற்சிக்குக் கண்ணாடி வேண்டாம். உங்கள் குழுவில் அன்று அங்கே இல்லாத ஒருவரைத் திண்ணையில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவர் கை வேலையை நிறுத்துகிறாரோ அது உங்கள் பேச்சின் உயிர். எந்த இடத்தில் "அப்புறம்?" என்று கேட்காமல் இருக்கிறாரோ அதை வெட்டிவிடுங்கள். மாமியாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொன்னதையும் அவர் பட்டதையும் ஒரு அரசுக் கூடத்தில் சொல்லப் போகிறீர்கள். அது அவருடைய கதையும்கூட. வேண்டாம் என்று அவர் சொன்னால் "எங்கள் வீட்டுப் பெரியவர்" என்று மாற்றிக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தவர் துயரத்தைச் சொல்வதானால் இந்த அனுமதி இன்னும் கட்டாயம்.

தொண்டை அடைப்பதைப் பற்றி. உங்கள் சொந்த இரவைச் சொல்லும்போது அது நிச்சயம் வரும். அதை ஒரு குறையாக எண்ண வேண்டாம். அடைக்கப்போகும் இடம் எது என்று திண்ணைப் பயிற்சியிலேயே தெரிந்துவிடும். என் ஊகம், மாமியார் பேசும் அந்த வரி. அந்த வரிக்கு முன்னால் நிறுத்தி, மூச்சை முழுதாக வெளியே விட்டுவிட்டு, பிறகு இழுத்துத் தொடருங்கள். மைக்கிலிருந்து முகத்தை விலக்க வேண்டாம். அப்படியும் குரல் உடைந்தால் மன்னிப்புக் கேட்காதீர்கள். கைக்குட்டையை அவிழ்க்கும் வேலை இருக்கிறது, கைக்கு வேலை கிடைத்தால் குரல் தானாகத் திரும்பும். திரும்பியதும் எண்ணிலிருந்து தொடங்குங்கள்: "எங்கள் நிலையத்தில் அந்த வாரம்..." எண்ணைச் சொல்லும் குரல் நடுங்குவதில்லை. அதனால்தான் அந்த வாக்கியமும் சொல் மாறாமல் இருக்கட்டும் என்று சொன்னேன்.